வேளாண் பொருளியலில் முதுநிலைப் படிப்பு: விண்ணப்பம் முதல் ஆய்வேடு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

படி 1: விண்ணப்பத்துக்கு முன் ஒரு கணக்கு

விண்ணப்பப் படிவத்தைத் திறக்கும் முன் ஒரு தாளை எடுத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 60 ஹெக்டேரில் தானியம் விளைவிக்கும் ஒருவர், அறுவடை இயந்திரத்தைச் சொந்தமாக வாங்கலாமா, வழக்கம்போல வாடகைக்கே எடுக்கலாமா என்று யோசிக்கிறார். இயந்திரத்தின் விலை 60,000. எந்த நாட்டுப் பணம் என்பது இங்கே முக்கியமில்லை. பத்து வருடம் ஓடும், கடைசியில் 10,000-க்கு விற்கலாம். ஆக ஆண்டுத் தேய்மானம் 5,000. போட்ட பணத்துக்கு வட்டி வேண்டுமே? வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் சராசரி 35,000. அதற்கு 8 சதவீதம் வைத்தால் 2,800. காப்பீடு, கொட்டகை வகையறா 700. மொத்தம் 8,500. இயந்திரம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருடா வருடம் இது போய்க்கொண்டே இருக்கும். ஓட்டினால் எரிபொருள், ஓட்டுநர் கூலி, பழுது எல்லாம் சேர்த்து ஹெக்டேருக்கு 50. வாடகைக்கு எடுத்தால் ஹெக்டேருக்கு 135.

வாடகைக்கும் ஓட்டும் செலவுக்கும் உள்ள வித்தியாசம் 85. 8,500-ஐ 85-ஆல் வகுத்தால் 100. வருடத்துக்கு 100 ஹெக்டேராவது அறுத்தால்தான் சொந்த இயந்திரம் கட்டுப்படியாகும். இவரிடம் இருப்பது 60. வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தாளை மடித்து வைக்கலாம்.

ஆனால் அவர் வாங்கிவிடுகிறார். பக்கத்துப் பண்ணைக்காரரும் வாங்குகிறார். ஏன் என்று கேட்டால், "வாடகை வண்டி நமக்கு வேண்டிய நாளில் வராது" என்கிறார்கள். சரி, அதையும் கணக்கில் சேர்ப்போம். பத்தில் மூன்று வருடம் வண்டி தாமதமாகி மழையில் மாட்டிக்கொள்கிறது, அப்படி மாட்டிய வருடத்தில் ஹெக்டேருக்கு 200 நஷ்டம் என்று வைத்துக்கொண்டால், சராசரியாக ஆண்டுக்கு 60. இப்போது வித்தியாசம் 85 அல்ல, 145. 8,500-ஐ 145-ஆல் வகுத்தால் 58.6. 60 ஹெக்டேர்காரருக்கு மயிரிழையில் கட்டுப்படியாகிறது.

அந்த 200-ம், அந்தப் பத்தில் மூன்றும் எந்த விலைப்பட்டியலிலும் இருக்காது. யாராவது போய் அளந்தால்தான் உண்டு. முதுநிலை ஆய்வேடு என்பது பெரும்பாலும் அப்படி ஒரு எண்ணைத் தேடிப் போவதுதான். இந்தக் கணக்கைப் போடும்போது எந்த இடத்தில் உங்களுக்கு ஆர்வம் கூடியது, எந்த இடத்தில் கொட்டாவி வந்தது என்று குறித்து வையுங்கள். அடுத்த படிக்கு அது வேண்டும்.

படி 2: மூன்று கிளைகளில் உங்களுடையது எது

இந்தத் துறையின் பட்டங்கள் பல பெயர்களில் வந்தாலும் உள்ளே இருப்பது மூன்று வகைக் கேள்விகள். இயந்திரம் ஈரப் பயிரில் நாளுக்கு எத்தனை ஹெக்டேர் அறுக்கும், எவ்வளவு சிந்தும், உணரி (சென்சார்) பொருத்தினால் சிந்துவது குறையுமா என்று உங்கள் மனம் போனால் நீங்கள் தொழில்நுட்பப் பக்கம். கடன் வாங்கி வாங்கலாமா, பக்கத்துப் பண்ணையோடு பங்கு சேரலாமா, மூன்றாம் வருடம் கையில் ரொக்கம் இருக்குமா என்று போனால் பண்ணை மேலாண்மை. வாடகைச் சந்தையில் வண்டிகள் ஏன் குறைவு, மானியம் கொடுத்தால் அது விவசாயிக்குப் போகுமா இயந்திர விற்பனையாளருக்குப் போகுமா என்று போனால் பொருளியல்.

மூன்றும் ஒரே வேரில் கிளைத்தவைதான். வான் தூனென் என்ற ஜெர்மானியர் 1826-ல் சந்தையிலிருந்து உள்ள தூரத்துக்கும் நிலத்தில் என்ன விளைவிக்கிறார்கள் என்பதற்கும் உள்ள உறவை விளக்கினார். அவரே பண்ணை வைத்திருந்தவர். தன் பண்ணையின் கணக்குப் புத்தகங்களிலிருந்துதான் எண்களை எடுத்தார். 1957-ல் ஸ்வி கிரிலிகெஸ் என்ற பொருளியலாளர் அமெரிக்காவில் கலப்பின மக்காச்சோளம் ஏன் சில மாநிலங்களில் வேகமாகவும் சிலவற்றில் மெதுவாகவும் பரவியது என்று ஆராய்ந்தார். தெற்கத்திய விவசாயிகள் பழமைவாதிகள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவர் லாபத்தைப் பார்த்தார். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தனியாக வித்து உருவாக்க வேண்டியிருந்தது, விதை நிறுவனங்கள் லாபம் அதிகமுள்ள இடத்துக்கு முதலில் போயின, விவசாயிகளும் லாபம் கூடிய இடத்தில் சீக்கிரம் ஏற்றுக்கொண்டார்கள். இன்றைக்கு ட்ரோன், மண் உணரி, பால் கறக்கும் ரோபோ பற்றி எழுதப்படும் ஆய்வேடுகளில் பாதி அந்தக் கட்டுரையின் பேரப்பிள்ளைகள்.

எந்தக் கிளை என்று முழுதாக முடிவாகாவிட்டாலும் பரவாயில்லை. ஆனால் எதற்கு எவ்வளவு கணிதம் வேண்டும் என்பது இதைப் பொறுத்தது.

படி 3: ஆறு மாதத் தயாரிப்பு

இந்தப் படிப்புக்கு இரண்டு வகை ஆட்கள் வருகிறார்கள். வேளாண் அறிவியல் படித்தவர்களுக்குப் பயிர் தெரியும், வகையீடு மறந்திருக்கும். பொருளியல் படித்தவர்களுக்கு நேர்மாறு. தழைச்சத்து எப்போது இட வேண்டும் என்பதே தெரியாமல் உரத்தின் இறுதிநிலை விளைவை, அதாவது இன்னும் கொஞ்சம் இட்டால் விளைச்சல் எவ்வளவு கூடும் என்பதைக் கணக்கிடுவார்கள்.

முதல் வகையினர் நுண்பொருளியலை இளநிலை இரண்டாம் ஆண்டு அளவுக்காவது படித்துவிட்டு வரவேண்டும். பகுதி வகைக்கெழு, கட்டுப்பாட்டோடு கூடிய உச்சப்படுத்தல், அணிகள், நிகழ்தகவு, ரெக்ரஷன் ஆகியவை கைக்கு வந்திருக்க வேண்டும். அப்படி உச்சப்படுத்தும் கணக்குக்கான லக்ராஞ்சி பெருக்கி என்ற பெயரைக் கேட்டதும் வயிற்றைக் கலக்கினால் முதல் பருவம் கடினமாக இருக்கும். இரண்டாம் வகையினர் ஒரு பருவம் முழுக்க ஏதாவது ஒரு பண்ணையின் கணக்கை எழுதிப் பாருங்கள். சம்பளம் கிடைக்காவிட்டாலும் சரி. பணம் கைமாறும்போது எழுதும் ரொக்கக் கணக்குக்கும், வரவோ செலவோ உண்டானபோதே எழுதும் உரிமைக் கணக்குக்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் புரியும். கிடங்கில் விற்காமல் கிடக்கும் தானியம் இந்த ஆண்டு வருமானமா, அடுத்த ஆண்டு வருமானமா? குடும்பத்தார் வேலைக்கு என்ன கூலி வைப்பது? பாடப்புத்தகம் இதை இரண்டு வரியில் முடித்துவிடும். பண்ணையில் இதற்கே ஒரு மாலை போய்விடும்.

புள்ளியியல் மென்பொருளில் ஆர் அல்லது ஸ்டாடா ஏதாவது ஒன்றைத் தொடங்கிவிடுங்கள். ஆர் இலவசம். எக்செலைக் கேவலமாக நினைக்க வேண்டாம், பண்ணைத் திட்டத்துக்கு அதிலுள்ள சால்வர் என்ற கருவியே பல நேரம் போதும்.

படி 4: படிப்பைத் தேர்ந்தெடுப்பது

தரவரிசைப் பட்டியலில் தொடங்குவது எல்லோரும் செய்யும் தவறு. நானும் செய்தேன். பட்டியல் ஒரு பல்கலைக்கழகத்தின் மொத்த எடையைச் சொல்லும். உங்கள் நெறியாளர் யார், அவர் என்ன தரவு வைத்திருக்கிறார் என்பதைச் சொல்லாது. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் நடத்தப்படும் ஆக்எகான் சர்ச் என்ற இணையக் களஞ்சியத்தில் இந்தத் துறையின் கட்டுரைகளையும் மாநாட்டுத் தாள்களையும் இலவசமாகப் படிக்கலாம். படி 1-ல் உங்களுக்கு ஆர்வம் வந்த இடத்தை அங்கே தேடுங்கள். திரும்பத் திரும்ப வரும் நான்கைந்து பெயர்களும் அவர்கள் வேலை செய்யும் துறைகளும்தான் உங்கள் பட்டியல். அதன்பிறகு அந்தத் துறையில் கடைசி இரண்டு மூன்று ஆண்டுகளில் வந்த முதுநிலை ஆய்வேடுகளைப் புரட்டுங்கள். தலைப்புகளைவிட நன்றியுரையையும் தரவு அத்தியாயத்தையும் பாருங்கள். மாணவருக்குத் தரவு யார் கொடுத்தது, களத்துக்குப் போகப் பணம் யார் கொடுத்தது என்று அங்கே தெரியும்.

துறைகளுக்கு ஒவ்வொரு குணம் உண்டு. நெதர்லாந்தின் வாஹனிங்கன் பல்கலைக்கழகத்தில் பண்ணை அளவிலான இடர், கால்நடை நோய்ப் பொருளியல் போன்றவற்றுக்கு நீண்ட மரபு. அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ், பெர்க்லி துறைகளில் கணிதமும், பொருளியல் தரவைப் புள்ளியியலால் ஆராயும் எகனாமெட்ரிக்ஸும் கனம், பெர்க்லி முனைவர் பட்டத்தையே மையமாகக் கொண்டது. பர்டூ பல்கலைக்கழகம் அக்ரிபிசினஸுக்கு, அதாவது வேளாண் வணிகத்துக்குப் பேர்போனது. வேலையை விடாமல் படிக்க வேண்டும் என்பவர்களுக்குக் கான்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலை அக்ரிபிசினஸ் முதுநிலை இருக்கிறது. ஜெர்மனியில் ஹோஹன்ஹைம், கோட்டிங்கன் இரண்டும் வளரும் நாடுகள் பற்றிய ஆய்வுக்கு நல்ல இடங்கள். நேரடியாகப் பண்ணையை நடத்தவே கற்க வேண்டும் என்றால் இங்கிலாந்தின் ஹார்ப்பர் ஆடம்ஸ், நியூசிலாந்தின் லிங்கன், மாஸி போன்றவற்றைப் பாருங்கள்.

காலமும் கவனிக்க வேண்டியது. ஐரோப்பாவில் பெரும்பாலும் இரண்டு ஆண்டு, 120 ஈசிடிஎஸ் புள்ளிகள் (ஐரோப்பாவில் பாடச் சுமையை அளக்கும் புள்ளி). இங்கிலாந்தில் பல படிப்புகள் ஒரே ஆண்டு. ஒரே ஆண்டு என்றால் செலவு குறைவு, ஆனால் ஒரு சாகுபடிப் பருவத்தை முழுதாகக் களத்தில் பார்க்க நேரம் கிடைக்காது. இருக்கும் தரவை வைத்துத்தான் ஆய்வேடு எழுத வேண்டியிருக்கும். வட அமெரிக்காவில் ஆய்வேட்டோடு கூடிய முதுநிலைக்கு ஆராய்ச்சி உதவியாளர் இடம் கிடைத்தால் கட்டணமும் கழியும், மாதம் கொஞ்சம் பணமும் வரும். அது கிடைத்தால் முடிவை அதிகம் யோசிக்க வேண்டியதில்லை.

பணத்துக்கு: கென்ட் பல்கலைக்கழகம், அதாவது பெல்ஜியத்தில் இருப்பது, ஒருங்கிணைக்கும் ஊரக வளர்ச்சி முதுநிலை எராஸ்மஸ் முண்டுஸ் என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவித்தொகைத் திட்ட வகையில் வருவது. ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளில் படிக்கலாம். வளரும் நாடுகளிலிருந்து வேலை அனுபவத்தோடு வருபவர்களுக்கு டிஏஏடி என்ற ஜெர்மானியக் கல்விப் பரிமாற்ற அமைப்பு தனி உதவித்தொகை வைத்திருக்கிறது. இங்கிலாந்துக்கு அந்நாட்டு அரசின் செவனிங் உதவித்தொகை. எல்லாவற்றுக்கும் கடைசித் தேதி படிப்பு தொடங்குவதற்கு ஏறக்குறைய ஓராண்டு முன்பே வந்துவிடும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

படி 5: நோக்கக் கடிதம்

"சிறு வயதிலிருந்தே எனக்கு விவசாயத்தின் மீது தீராத ஆர்வம்" என்று தொடங்கும் கடிதங்களைத் தேர்வுக் குழு ஒரு நாளில் நாற்பது படிக்கும். அதற்குப் பதில் இப்படித் தொடங்கினால் என்ன: "ஒரு பால் பண்ணையில் மூன்று மாதம் கணக்கு எழுதினேன். தீவன விலை ஏறிய மாதத்தில் அவர்கள் மாடுகளின் எண்ணிக்கையைக் குறைக்கவில்லை, தீவனத்தின் தரத்தைக் குறைத்தார்கள். பால் குறைந்தது. மாட்டை விற்றால் திரும்ப வாங்கும் செலவைக் கணக்கில் சேர்த்த பிறகுதான் அந்த முடிவு எனக்குப் புரிந்தது." இதில் ஆர்வம் என்ற சொல்லே இல்லை. ஆனால் இவருக்கு என்ன சொல்லிக்கொடுத்தால் எடுபடும் என்று படிப்பவருக்குத் தெரிந்துவிடும்.

பேராசிரியருக்கு முன்கூட்டி மின்னஞ்சல் எழுதுவதானால் ஐந்து வரி போதும். அவருடைய ஒரு கட்டுரையைப் படித்து, அதில் ஒரு கேள்வியைக் கேளுங்கள். நற்சான்றுக் கடிதத்துக்குப் பெரிய பதவிக்காரரைவிட உங்கள் வேலையைக் கிட்டத்தில் பார்த்தவர் மேல். ஜிஆர்இ நுழைவுத் தேர்வு மதிப்பெண் கேட்கிறார்களா என்பது இடத்துக்கு இடம் மாறும், துறையின் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 6: முதல் ஆண்டு வகுப்புகள்

உற்பத்திப் பொருளியல், தேவை, விலை, எகனாமெட்ரிக்ஸ் எல்லாம் வரும். இடுபொருளையும் விளைச்சலையும் இணைக்கும் காப்-டக்ளஸ் சார்பு 1928-லிருந்து இருக்கிறது. முதல் மாதத்திலேயே அறிமுகமாகி, போகும் நாள்வரை கூடவே வரும்.

எனக்கு மிகவும் பிடித்தது லீனியர் புரோகிராமிங். அதன் கணக்குகளைத் தீர்க்கும் சிம்ப்ளெக்ஸ் முறையை டான்ட்ஸிக் என்ற கணிதவியலாளர் 1947-ல் கண்டார். அமெரிக்காவின் அயோவா மாநிலத்து ஏர்ல் ஹெடி போன்ற பொருளியலாளர்கள் அதைப் பண்ணைத் திட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். நிலம், ஆள், நீர், கடன் என்று கட்டுப்பாடுகளைக் கொடுத்தால் எந்தப் பயிரை எவ்வளவு போடுவது என்று விடை வரும். விடையைவிட அதனோடு வரும் நிழல் விலைதான் முக்கியம். அறுவடை வாரத்தில் இன்னும் ஓர் ஆள்-நாள் கிடைத்தால் லாபம் எவ்வளவு கூடும்? மற்ற வாரங்களில் பூஜ்யமாக இருக்கும் அந்த எண் அந்த ஒரு வாரத்தில் கூலியைப் போல மூன்று நான்கு மடங்காக நிற்கலாம். 60 ஹெக்டேர்காரர் ஏன் இயந்திரம் வாங்கினார் என்பது அங்கேயும் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. மிகச் சிறந்த பண்ணைகளை எல்லையாக வைத்து மற்றவை அதிலிருந்து எவ்வளவு பின்தங்குகின்றன என்று உற்பத்தித் திறனை அளக்கும் எல்லைச் சார்பு முறை 1977-லும் டிஇஏ முறை 1978-லும் வந்தன. இரண்டுக்கும் முன்னோடி ஃபாரல் என்ற பொருளியலாளரின் 1957 கட்டுரை. மென்பொருளில் நாலு வரி எழுதினால் விடை வந்துவிடுவதால் மாணவர்கள் இதில் விழுந்துவிடுகிறார்கள். "விவசாயிகளின் திறன் இத்தனை சதவீதம்தான், மீதி வீணாகிறது" என்று முடித்துவிடுவார்கள். நீங்கள் அளக்காமல் விட்ட மண் வளமும், வாய்க்கால் கடைமடையில் இருப்பதும் சேர்ந்துதான் அப்படி வீணாகத் தெரிகின்றன. முறை நல்லதுதான், ஆனால் அது கையில் கிடைத்ததாலேயே ஆய்வேடு எழுதக் கூடாது.

படி 7: ஆய்வேடு

கேள்வி, தரவு, முறை என்ற வரிசையில் போங்கள். நடைமுறையில் தரவு கேள்வியைத் திருத்தும், அது தவறில்லை. இருக்கும் தரவுகளில் சில: ஐரோப்பிய ஒன்றியத்தின் பண்ணைக் கணக்கு வலையமைப்பு 1965-ல் தொடங்கியது, இப்போது பண்ணை நிலைத்தன்மைத் தரவு வலையமைப்பு என்று மாறியிருக்கிறது. இக்ரிசாட் என்ற பன்னாட்டு வறண்ட நிலப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் 1975-லிருந்து இந்தியாவின் வறண்ட பகுதிக் கிராமங்களில் ஒரே குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்துத் திரட்டியது இன்றும் பயன்படுகிறது. ஆப்பிரிக்க நாடுகள் சிலவற்றுக்கு உலக வங்கியின் வாழ்க்கைத்தர ஆய்வின் வேளாண் பகுதி. நாடு அளவிலான விளைச்சல், விலைக்கு ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் ஃபாவோஸ்டாட் தரவுத்தளம். செயற்கைக்கோள் படம் வேண்டுமானால் ஐரோப்பாவின் சென்டினல்-2, 10 மீட்டர் நுணுக்கத்தில் ஐந்து நாளுக்கு ஒருமுறை, இலவசமாக. மேகம் இருந்தால் படம் இல்லை, அறுவடைக் கால மழையைப் பற்றி எழுதுபவர்களுக்கு இது ஒரு கிண்டல் போலத்தான் இருக்கும்.

நீங்களே களத்துக்குப் போவதானால் வினாப்பட்டியலில் நேரம் செலவழியுங்கள். என்னுடையது பதினான்கு பக்கம். "போன ஆண்டு குடும்பத்தார் மொத்தம் எத்தனை மணி நேரம் வேலை செய்தீர்கள்?" என்று ஒரு கேள்வி. வந்த விடைகள் எல்லாம் 500, 1,000, 2,000. அப்போதே உறைத்திருக்க வேண்டும், எனக்கு இருபதாவது வீட்டில்தான் உறைத்தது. யாரும் வாழ்க்கையை மணி நேரமாக நினைவு வைத்திருப்பதில்லை. அப்புறம் கேள்வியை உடைத்தேன். விதைப்புக்கு யார் யார் போனீர்கள், எத்தனை நாள், காலையில் போய் எப்போது திரும்பினீர்கள் என்று வேலை வேலையாகக் கேட்டபோது 37, 52 என்று உருப்படியான எண்கள் வந்தன. முதல் இருபது வீடுகளின் தாள்களைத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. இன்னொன்றும் கற்றேன். வாசலில் உட்கார்ந்து பதில் சொல்பவருக்கு மாட்டுத் தீவனச் செலவு தெரியாமல் இருக்கலாம். அது தெரிந்தவர் உள்ளே வேலையாக இருப்பார். அவரையும் கேட்க வேண்டும்.

அனுமதி பெறும் நடைமுறைக்குத் தாராளமாக நேரம் ஒதுக்குங்கள். மனிதர்களிடம் தகவல் கேட்கும் ஆய்வுக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். அது வருவதற்குள் அறுவடையே முடிந்துவிடக்கூடும்.

தொழில்நுட்ப ஆய்வேடுகளைக் கவிழ்க்கும் பள்ளம் ஒன்று உண்டு. மண் உணரி வைத்தவர்களின் விளைச்சல் வைக்காதவர்களைவிட அதிகம் என்று அட்டவணை காட்டும். உணரியாலா? உணரியை முதலில் வாங்குபவர் ஏற்கெனவே கூடுதல் நிலமும் படிப்பும் கடன் வசதியும் உள்ளவர். உணரி இல்லாமலே அவர் நன்றாக விளைவித்திருப்பார். இதைத் தாண்ட வழி, யாருக்கு எப்போது கிடைத்தது என்பது விவசாயியின் விருப்பத்தைச் சாராத ஒரு சூழலைத் தேடுவது. ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் கேரளக் கடற்கரை மீனவர்களை ஆராய்ந்து 2007-ல் வெளியிட்டதில், கைப்பேசி கோபுரங்கள் பகுதி பகுதியாக வெவ்வேறு நேரத்தில் வந்ததைப் பயன்படுத்திக்கொண்டார். கோபுரம் வந்த பகுதியில் சந்தைகளுக்கிடையே மத்தி விலை வித்தியாசம் சுருங்கியது, மீன் வீணாவது நின்றது. குலுக்கல் முறையில் பிரித்துச் சோதிப்பது இன்னொரு வழி. டுஃப்லோ, கிரெமர், ராபின்சன் என்ற பொருளியலாளர்கள் மூவரும் மேற்கு கென்யாவில் அறுவடை முடிந்து கையில் காசு இருக்கும் நேரத்தில் உரத்தை வீட்டுக்கே கொண்டுவந்து தருவதாகச் சொன்னபோது வாங்குபவர்கள் கூடினார்கள். முதுநிலை மாணவருக்கு அந்த அளவு பணம் கிடைக்காது. ஆனால் மானியத் தகுதிக்கு ஒரு வரம்பு இருக்கும் இடம், ஒரு பகுதிக்கு மட்டும் முதலில் வந்த திட்டம் இவையெல்லாம் தேடினால் அகப்படும்.

படி 8: முடித்த பிறகு

வேலைகள் நான்கு பக்கம் பிரியும்: வங்கியின் வேளாண் கடன் பிரிவு, இடுபொருள் மற்றும் இயந்திர நிறுவனங்கள், அரசு மற்றும் பன்னாட்டு அமைப்புகள், முனைவர் பட்டம். கடன் பிரிவில் நேர்காணலுக்குப் போனால் ஒரு பண்ணையின் மூன்று ஆண்டுக் கணக்கைக் கையில் கொடுத்து, கடன் கொடுக்கலாமா என்று கேட்பதுண்டு. லாபத்தைப் பார்த்து ஆரம்பிக்காதீர்கள். எந்த மாதம் ரொக்கம் தீர்கிறது என்று பாருங்கள், குடும்பத்தார் கூலி சேர்த்திருக்கிறதா என்று பாருங்கள். முனைவர் பட்டத்துக்குப் போவதானால், ஆய்வேட்டுக்கு எழுதிய நிரல் கோப்புகளையும் மூலத் தரவையும் வேறொருவர் திறந்து ஓட்டிப் பார்க்கும்படி ஒழுங்காக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த நெறியாளர் கேட்கப்போவது அதைத்தான்.

ஆய்வேட்டைக் கொடுத்து முடித்ததும் தகவல் தந்த பண்ணைக்காரர்களுக்கு அவரவர் எண்களை ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பிவிடுங்கள். நான் அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். கூலி நாட்கள் குறைவாக இருக்கிறது, அப்பா தினமும் மாலை மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்ல மறந்துவிட்டேன் என்றார். பட்டம் கைக்கு வந்துவிட்டிருந்தது. இருந்தாலும் கோப்பைத் திறந்து அந்த வரிசையைத் திருத்தினேன். அவருடைய பால் லிட்டருக்கு நஷ்டத்தில் போய்க்கொண்டிருந்தது.